ஊமத்தை: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கண்மாய்க்கரைப் பக்கம் செடி பார்க்கப் போவோம், அப்படித்தான் என் வாட்ஸ்அப் எண் ஊரெல்லாம் பரவியது. வருகிற படங்களில் பாதி ஊமத்தை. "இது என்ன செடி சார்" என்று முதலில் வரும். பதில் போட்டதும் ஐந்து நிமிடம் சத்தமே இருக்காது, அப்புறம் தயங்கித் தயங்கி இரண்டாவது கேள்வி வரும்: "இதைச் சாப்பிட்டா போதை வருமாமே, நிஜமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து மொத்தமாக எழுதிவிட்டேன்.

சார், ரோட்டோரத்தில் குழாய் மாதிரி வெள்ளைப் பூ. ஊமத்தையா இல்லையா?

பூவை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள், நான்கையும் சேர்த்துப் பாருங்கள். இலை அகலமாக, ஓரம் லேசாக வளைந்து நெளிந்திருக்கும். காம்போடு சேரும் இடத்தில் இலையின் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். இந்தக் கோணல் நல்ல அடையாளம். இலையைக் கசக்கினால் ஒரு குமட்டல் நாற்றம் வரும். கசக்கினால் கையை உடனே கழுவுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பூ ஒரு சாண் நீளம் வரை வரும், மொட்டில் மடக்கிய குடை போல முறுக்கிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் அந்தி சாயும்போது விரியும். காய் எலுமிச்சம்பழ அளவில், மேலெல்லாம் முள்ளோடு இருக்கும். பூ உதிர்ந்த பிறகும் புல்லிவட்டத்தின் (பூவின் அடியைச் சுற்றியிருக்கும் பச்சை உறை) அடிப்பகுதி காய்க்குக் கீழே சட்டைக் காலர் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும், அது இருந்தால் அநேகமாகச் சந்தேகமே வேண்டாம். குப்பைமேடு, மாட்டுக்கொட்டகைப் பின்புறம், இடிந்த சுவர், ரயில் பாதையோரம் என்று மண்ணில் தழைச்சத்து அதிகமுள்ள இடமாகப் பார்த்து முளைக்கும்.

வெள்ளூமத்தை, கருவூமத்தை, பொன்னூமத்தை என்று சொல்கிறார்களே, எல்லாம் வேறு வேறா?

நம் ஊர்ப் பெயர்கள் பூவின் நிறத்தையும் தண்டின் நிறத்தையும் பார்த்து வைத்தவை, தாவரவியல் பிரிவோடு அப்படியே பொருந்தாது. வெள்ளைப்பூ, ஊதாப்பூ, ஒன்றுக்குள் ஒன்று செருகியது போன்ற அடுக்குப்பூ எல்லாமே பெரும்பாலும் டாட்டூரா மெட்டல் என்ற ஒரே இனத்தின் வேறுபாடுகள்தான். தண்டு கருநீலமாக, பூ ஊதாவாக இருப்பதைக் கருவூமத்தை என்கிறோம். அதற்குத்தான் வீரியம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நிறத்தை வைத்து அப்படியெல்லாம் வீரியத்தைச் சொல்லிவிட முடியாது.

சமவெளியில் இன்னொன்றும் நிறைய இருக்கிறது: இலையும் தண்டும் தொட்டால் வெல்வெட் போல மெல்லிய ரோமத்தோடு, காயில் நீளமான ஒல்லி முட்களோடு. அது டாட்டூரா இனாக்ஸியா. டாட்டூரா மெட்டலின் காயில் முள் குட்டையாக, மழுங்கலாக இருக்கும். இரண்டிலுமே காய் தலைகவிழ்ந்து நிற்கும். மூன்றாவது டாட்டூரா ஸ்ட்ரமோனியம்: இலை ஓரம் பல்பல்லாக வெட்டியிருக்கும், பூ சிறியது, காய் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும், முற்றினால் ஒழுங்காக நாலாக வெடிக்கும். பெயர் வைக்கத்தான் இந்தப் பிரிவெல்லாம் உதவும். விஷம் மூன்றிலும் ஒரே வகைதான், அதனால் "எங்க ஊர்ல இருக்கிறது நல்ல ஊமத்தை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மருளூமத்தையும் இதுதானே? ஆமணக்குக் காயும் இப்படித்தானே முள்ளோடு இருக்கும்?

பெயரில் ஊமத்தை இருப்பதால் வரும் குழப்பம் இது. மருளூமத்தை சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, ஊமத்தையோ கத்திரிக்காய்க் குடும்பம். மருளூமத்தையின் காய் சின்னதாக, கொக்கி முட்களோடு வேட்டியிலும் ஆட்டு ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதுவும் விஷம்தான், ஆனால் வேறு விஷம்.

ஆமணக்கை இலையை வைத்தே பிரிக்கலாம், கைவிரல் விரித்த மாதிரி பிளவுபட்டிருக்கும். காய் கொத்தாக, முள் குத்தாமல் மெதுவாக இருக்கும். பிள்ளைகள் இரண்டையும் விளையாட்டுச் சாமானாக எடுக்கிறார்கள், இரண்டுமே ஆபத்து. பெரியவர்கள் குழம்புவது கீரையில்தான். இளஞ்செடியைக் குப்பைக்கீரை, தண்டங்கீரையோடு சேர்த்துப் பறித்துவிடுகிறார்கள். இதைப் படிக்காதவர்கள் தப்பு என்று நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பாக்கெட்டில் விற்ற பேபி ஸ்பினாச் கீரையோடு இந்தக் களை கலந்துபோய் ஏராளமானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கொடைக்கானலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மரம், ஆரஞ்சு நிறத்தில் பூவெல்லாம் கீழே தொங்கியது. அதுவும் ஊமத்தையா?

பங்காளி. புருக்மான்சியா என்று பெயர், தென்அமெரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்தது, ஊட்டி கொடைக்கானல் பங்களா வேலிகளில் நிறையப் பார்க்கலாம். பூ தொங்கும், காயில் முள் இருக்காது, செடி மரம் மாதிரி கட்டையாகும். உள்ளே இருக்கும் சரக்கு அதேதான். பூவை மேஜையில் அழகுக்கு வைக்கலாம், டீயில் போடக்கூடாது. போட்டவர்கள் உண்டு என்பதால்தான் சொல்கிறேன்.

விதையை மட்டும் பார்த்தால் எப்படித் தெரியும்? மிளகாய் விதை மாதிரியே இருக்கு சார்.

இருக்கும், இரண்டும் ஒரே குடும்பம். மிளகாய் விதை வெளிர்மஞ்சளாக, வட்டமாக, வழவழப்பாக இருக்கும். டாட்டூரா மெட்டலின் விதை கொஞ்சம் பெரிது, மஞ்சள் கலந்த பழுப்பு, சிறுநீரக வடிவம், மேலே குழிகுழியாக இருக்கும். ஸ்ட்ரமோனியத்தின் விதை கறுப்பாக இருக்கும். நறுக்கி லென்ஸில் பார்த்தால் உள்ளே இருக்கும் கரு மிளகாயில் உட்புறமாகச் சுருண்டும், ஊமத்தையில் முனை வெளிப்புறமாகத் திரும்பியும் இருக்கும். சந்தேகம் இருந்தால் நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இந்த ஒப்பீட்டை நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் தடயவியல் பாடத்தில் இன்றைக்கும் தேர்வுக்குக் கேட்கிறார்கள். காரணம் வரலாறு: வழிப்போக்கர்களோடு சிநேகமாகி, சாப்பாட்டில் ஊமத்தை விதையைக் கலந்து, மயங்கியதும் பொருளைச் சுருட்டிக்கொண்டு போகிற கூட்டங்கள் இந்தியச் சாலைகளில் இருந்தன. அதனால் அந்தப் பாடப்புத்தகங்களில் ஊமத்தைக்கு வழிப்பறி விஷம் என்றே ஒரு பெயர்.

தொட்டாலே விஷமா?

தோல் நன்றாக இருந்தால் தொட்டதற்கு ஒன்றும் ஆகாது. கண்தான் பிரச்சனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காயைப் பிளந்து பிள்ளைகளுக்கு விதை காட்டிவிட்டு, வியர்வை வழிந்த வலது கண்ணை அதே விரலால் துடைத்துவிட்டேன். மத்தியானம் பேப்பர் எழுத்தெல்லாம் கலங்கியது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் மிளகு அளவு, மற்றது சின்னக் கடுகு. பக்கவாதமோ என்று வீட்டில் பயந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். தலைக்கு ஸ்கேன் எழுதப்போன டாக்டர், "காலையில் என்ன வேலை செய்தீர்கள்" என்று தற்செயலாகக் கேட்டதால் தப்பித்தேன். கண் சரியாவதற்கு மூன்று நாள் ஆனது.

முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கே இந்த நிலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே போனால் உடம்பில் என்னதான் செய்யும்?

அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் என்ற மூன்று வேதிப்பொருள்கள் இதில் முக்கியம். வேர், இலை, பூ, விதை எல்லாவற்றிலும் உண்டு. நரம்பு தன் செய்தியை எச்சில் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, குடல், சிறுநீர்ப்பை, இதயம், மூளை என்று பல இடங்களுக்கு அசிட்டைல்கோலின் என்ற பொருள் மூலமாக அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் பூட்டுத் துளைகளில் இவை போய் அடைத்துக்கொள்கின்றன. அதனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிற அளவுக்கு வறட்சி, விழுங்க முடியாமை, வியர்க்காததால் உடம்பு அனலாய்க் கொதிப்பது, முகம் சிவப்பது, நெஞ்சு படபடப்பு, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, வயிறு நிறைய முட்டியும் சிறுநீர் வராமல் தவிப்பது. இதெல்லாம் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தொடங்கும். அதன்பின் தலைக்கு ஏறும்.

குழப்பம் ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். கண் சரியாக ஒரு வாரம்கூட ஆகலாம். உடம்புச் சூட்டிலும் இதயத் துடிப்பு தாறுமாறாவதிலும் உயிர் போகலாம், அதைவிடச் சுலபமாகக் கிணற்றிலோ சாலையிலோ போய்விடலாம். ஏனென்றால் ஆள் படுத்துக்கிடக்க மாட்டார், நடப்பார்.

கஞ்சா மாதிரி, காளான் மாதிரி ஒரு போதைதானே? ஒரு அனுபவத்துக்காக எடுத்துப் பார்த்தால் என்ன?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். மற்றவற்றில் ஆளுக்குத் தான் ஏதோ உட்கொண்டிருக்கிறோம், அதனால் இப்படித் தெரிகிறது என்ற ஞாபகம் பெரும்பாலும் ஒரு ஓரத்தில் இருக்கும். ஊமத்தையில் அந்த ஓரம் முதலில் கழன்றுவிடும். இல்லாத ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், வந்திருக்கிறார் என்றே நினைப்பார்கள், பேசுவார்கள், காபி வேண்டுமா என்று கேட்பார்கள். டாக்டர்கள் இதை மயக்கவெறி நிலை என்பார்கள். கடுமையான காய்ச்சலில் பிதற்றுவதைப் பார்த்திருந்தால், அதுதான் இது.

என் பழைய மாணவன் ஒருவன் கல்லூரி விடுதியில் நண்பர்களோடு பந்தயம் கட்டி இதைச் செய்தான். பத்து வருடம் கழித்து என்னிடம் கதையாகச் சொன்னான், ஆனால் கதை முழுக்க "பசங்க சொன்னாங்க சார்" என்றுதான் வந்தது. இல்லாத பீடியைப் பற்றவைத்துக் கீழே விழுந்துவிட்டது என்று தேடினானாம். செத்துப்போன ஆச்சியோடு சண்டை போட்டானாம். விரல் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நூலை இழுத்து இழுத்துப் போர்வையில் தைத்தானாம். இந்த நூல் இழுப்பதும் துணியைப் பிறாண்டுவதும் பல நோயாளிகளிடம் பார்க்கிற விஷயம், பாடப்புத்தகத்திலேயே உண்டு. சிறுநீர் வராமல் குழாய் போட்டது, கட்டிலில் கையைக் கட்டிவைத்தது, அம்மா வந்து அழுதது எதுவுமே அவனுக்கு நினைவில்லை. தன் ஞாபகம் என்று அவன் சொன்னது இரண்டே விஷயம்: தொண்டை காய்ந்தது, மூன்றாம் நாள் புத்தகத்தில் எழுத்து தெரியாதது.

பரிசோதனை என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். பரிசோதனை என்றால் பார்க்க ஒருவன் வேண்டும், பார்த்ததைக் குறிக்க வேண்டும். இதில் முதலில் காணாமல் போவதே அந்தப் பார்க்கிற ஆள்தான். ஞாபகமும் மிஞ்சாது. பிறகு எதற்காகத் தின்றாய்?

கொஞ்சமாக எடுத்தால்? எத்தனை விதை வரை பாதுகாப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். மறைப்பதற்காக இல்லை, சரியான பதிலே கிடையாது. ஒரே செடியில் இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும், விதைக்கும் வேருக்கும், மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் சரக்கின் அளவு மாறும். பக்கத்துப் பக்கத்துச் செடிகளில்கூட ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம் வரும். போன தடவை ஒருவனுக்கு ஒன்றும் செய்யாத அளவு, அடுத்த செடியில் அவனையே ஐசியூவில் போடும்.

இன்னொரு பொறி இருக்கிறது. இது குடலின் அசைவையே மந்தமாக்கிவிடுவதால், உள்ளே போனது வயிற்றில் தங்கி மெதுமெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். "ஒண்ணும் ஆகலையே" என்று மேற்கொண்டு தின்றவர்கள்தான் அதிகம் மாட்டியிருக்கிறார்கள்.

நெட்டில் ஒருத்தர் எடுத்துப் பார்த்து விவரமாக எழுதியிருக்கிறாரே?

எழுதத் தெரிந்த நிலைக்குத் திரும்பியவர் எழுதியிருக்கிறார். திரும்பாதவர் எழுதவில்லை. அதோடு, மேலே சொன்ன என் மாணவன் கதையைப் பாருங்கள், விவரமாக ஞாபகம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

பழைய சாட்சி வேண்டுமானால் ஒன்று உண்டு. 1676இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிளர்ச்சியை அடக்கப் போன ஆங்கிலேயச் சிப்பாய்கள், ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் இந்தச் செடியின் தளிரைக் கீரை என்று சமைத்துத் தின்றுவிட்டார்கள். பதினொரு நாள் பைத்தியமாகத் திரிந்தார்கள்: ஒருவன் காற்றில் இறகை ஊதிவிட்டுக்கொண்டிருந்தான், ஒருவன் மூலையில் நிர்வாணமாகக் குரங்கு போல உட்கார்ந்து பல்லைக் காட்டினான், தங்கள் கழிவிலேயே புரளாதபடி அடைத்துவைக்க வேண்டியிருந்தது. தெளிந்தபோது ஒருவனுக்கும் ஒன்றும் நினைவில்லை. அமெரிக்காவில் அந்த ஊர்ப் பெயரையே சுருக்கி ஜிம்சன் களை என்று இதை இன்றும் சொல்கிறார்கள்.

காயவைத்தால், வேகவைத்தால் விஷம் போய்விடாதா?

போகாது. சமைத்துத் தின்ற சிப்பாய்கள் கதையை இப்போதுதான் சொன்னேன். காய்ந்த விதை ஒரு வருடம் கழித்தும் விஷம்தான். தானியத்தோடு கலந்து அரைத்தாலும் அப்படியே: 2019இல் உகாண்டாவில் நிவாரணமாகக் கொடுத்த சத்துமாவில் இந்தச் செடியின் நச்சு கலந்திருந்து முந்நூறு பேர் அளவில் பாதிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். வயலில் களை எடுக்காமல் விட்டால் மாவு வரைக்கும் வந்துவிடும்.

ஆஸ்துமாவுக்கு இலையைச் சுருட்டிப் புகைப்பார்கள் என்று தாத்தா சொல்வார். அது பொய்யா?

பொய் இல்லை, உங்கள் தாத்தா ஒரு பெரிய வரலாற்றுக்குச் சொந்தக்காரர். மதராஸில் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனி) தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இங்குள்ளவர்கள் ஊமத்தையைப் புகைத்து மூச்சிரைப்பைத் தணிப்பதைக் கண்டு, ஜெனரல் ஜென்ட் என்பவரிடம் சொன்னார். அவர் 1802இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஆஸ்துமா சிகரெட், ஆஸ்துமா பொடி என்று இருபதாம் நூற்றாண்டு வரை கடைகளில் விற்றார்கள். மூச்சுக்குழல் சுருங்குவதை அது உண்மையிலேயே தளர்த்தும். 1960களில் அமெரிக்க இளைஞர்கள் அந்தப் பொடியைப் புகைப்பதற்குப் பதிலாக விழுங்க ஆரம்பித்தார்கள், என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

இன்றைக்குப் புகைக்க வேண்டிய தேவையே இல்லை. இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் இன்ஹேலர்கள் இதே அட்ரோபினின் வழிவந்தவைதான், ஆனால் மூளைக்குள் போகாதபடி வேதியியலில் மாற்றியமைத்தவை. தாத்தாவின் வைத்தியம் செத்துப்போகவில்லை, ஒழுங்கான அளவோடு பம்புக்குள் போயிருக்கிறது.

சிவனுக்கே சூட்டுகிறோம், பிள்ளையார் சதுர்த்தியில் இலையும் வைக்கிறோம். காசிச் சாமியார்கள் தின்கிறார்களே?

சிவன் ஆலகாலத்தையும்தான் குடித்தார். தேவாரத்தில் மத்தம் என்று வருகிற பூ இதுதான், பிறையோடும் பாம்போடும் சடையில் இருக்கும். பித்தன் என்று பெயர் வாங்கியவருக்குப் பித்தம் தரும் பூ என்பது பொருத்தம்தான். உன்மத்தம் என்ற சொல்லிலிருந்தே ஊமத்தை வந்தது என்பார்கள். விநாயகருக்கு வைக்கும் இருபத்தொரு இலையில் எருக்கும் அரளியும் ஊமத்தையும் உண்டு, அந்த மூன்றும் விஷம். சூடுவதற்கும் தின்பதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள்தான் இந்தப் பட்டியலைப் போட்டிருக்க வேண்டும். பூஜை முடிந்த இலையை ஆடு மாடு மேயும் இடத்தில் வீசாதீர்கள்.

சாமியார்கள் பற்றி: பெரும்பாலும் நீங்கள் பார்த்தது பாங்கு, அது கஞ்சா இலை. ஊமத்தை சேர்க்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மறுநாள் என்ன ஆனது என்று யாரும் நின்று படம் எடுப்பதில்லை.

ஆனால் இது அமெரிக்கச் செடி என்கிறார்களே? தேவாரக் காலத்தில் எப்படி வந்தது?

இதை நான் ரொம்ப நாள் நம்பவில்லை. இந்தப் பேரினத்தின் உறவுகளெல்லாம் மெக்சிகோ பக்கம் குவிந்திருப்பதால், பிறப்பிடம் அதுதான் என்று தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். கொலம்பஸ் போனது 1492இல். தேவாரம் அதற்குப் பல நூறு வருடம் முந்தியது, வடமொழியில் தத்தூரம் என்ற பெயரும் அப்படியே. லத்தீன் பெயரான டாட்டூராவே அதிலிருந்து எடுத்ததுதான். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, எழுத்துச் சான்றுகளையும் சிற்பங்களையும் வைத்து, கொலம்பஸுக்கு முன்பே, முதலாம் ஆயிரமாண்டிலேயே இது இங்கு வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டது. யார் கொண்டுவந்தது, எந்தக் கப்பல் என்பது புதிர். போதையைவிட எனக்கு இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

நாய் கடித்தால் ஊமத்தை கொடுக்கச் சொல்கிறார்கள் எங்கள் ஊரில்.

தயவுசெய்து வேண்டாம். ரேபிஸ் வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை, வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி, இலவசம். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசியும் போடுவார்கள். ஊமத்தை கொடுத்தால் பிதற்றல் வரும், அது நாய்க்கடி விஷம் இறங்குகிற அடையாளம் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நாள் போய்விடும்.

அப்படியானால் சித்த மருத்துவத்தில் பயன்படுத்துவதெல்லாம்?

பயன்படுத்துகிறார்கள், சரியாகவே. மத்தன் தைலம் என்று பச்சை நிறத்தில் ஒன்று இருக்கிறது: ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், துருசு (மயில்துத்தம்) சேர்த்துக் காய்ச்சியது, ஆறாத புண்ணுக்கு மேலே பூசுவது. வெளிப்பூச்சு, கவனியுங்கள். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் சேர்க்கும் முன் நச்சைக் குறைத்துச் சுத்தி செய்வதற்கென்றே தனி முறைகள் வைத்திருக்கிறார்கள், அதைப் படித்துத் தேறியவர்கள் செய்ய வேண்டும். இந்திய மருந்துச் சட்ட விதிகளிலேயே சித்த, ஆயுர்வேத நச்சுப் பொருள்களுக்கு ஒரு தனிப் பட்டியல் உண்டு, ஊமத்தை அதில் இருக்கிறது. யூட்யூப் பார்த்துச் சாறு பிழிகிறவர் இந்த மரபின் வாரிசு ஆகமாட்டார்.

அட்ரோபின் ஆஸ்பத்திரியிலேயே போடுகிற ஊசிதானே, அதுவே விஷம் என்றால் எப்படி?

பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்கு உயிர் காக்கும் மருந்தே அதுதான். பூச்சிமருந்து அசிட்டைல்கோலினை உடம்பெல்லாம் தேங்க வைக்கும், எச்சிலும் சளியும் நுரையீரலில் நிறைந்து மூச்சு முட்டும். அட்ரோபின் அதே பூட்டுத் துளைகளை அடைத்து அதைத் தடுக்கிறது. நுரையீரலின் சத்தத்தையும் நாடியையும் பார்த்துப் பார்த்து அளவை ஏற்றி இறக்குவார்கள். கொஞ்சம் கூடிப்போனால் அந்த வார்டிலும் நோயாளி போர்வையில் நூல் இழுக்க ஆரம்பிப்பார், நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிடுவார். ஊமத்தைச் செடிக்குப் பக்கத்தில் நர்ஸ் இல்லை. இதைக் கேட்டுவிட்டு, பூச்சிமருந்து குடித்தவருக்கு வீட்டிலேயே ஊமத்தைச் சாறு கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. வண்டியைப் பிடியுங்கள்.

வளர்த்தால், வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா, அபின், கோக்கா (கொக்கைன் எடுக்கும் செடி) போன்றவை பற்றியது, ஊமத்தை அதில் வராது. ரோட்டோரக் களையை எப்படித் தடை செய்வது? ஆனால் குற்றம் செய்யும் எண்ணத்தோடு இன்னொருவருக்குக் கலந்து கொடுத்தால் அது வேறு கதை, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் பத்து வருடம் வரை சிறை. விடுதியில் "சும்மா விளையாட்டுக்கு" ஜூஸில் கலக்கிற பிள்ளைகளும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. விளையாட்டு எங்கே போய் முடியும் என்று அவர்கள் கையில் இல்லை.

தம்பி தெரியாமல் காயைத் தின்றுவிட்டான். என்ன செய்வது?

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர், மோர் எதுவும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாத ஆளுக்குப் புரையேறும். தனியாக விடாதீர்கள், கிணறு, மாடி, அடுப்பு, சாலைப் பக்கம் போகாமல் ஒருவர் கூடவே இருங்கள். வெளிச்சம் குறைவான அமைதியான இடத்தில், உடம்பு கொதித்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு இருங்கள். அதட்டுவதும் அடித்துத் தெளிய வைப்பதும் பயனில்லை, பேயோட்டக் கூட்டிப்போவதும்தான்.

செடியின் ஒரு கிளையை, மிச்சமிருக்கும் காயை ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். பையனின் கண்ணைப் பார்த்தே அவர்கள் ஊகித்துவிடுவார்கள், ஆனாலும் காய் கையில் இருந்தால் நேரம் மிச்சம். வெட்கப்பட்டு மறைத்து, "ஏதோ கெட்டுப்போன சாப்பாடு" என்று சொல்வதுதான் பெரிய தவறு.

வீட்டுக்குப் பின்னால் நிற்கிற செடியைப் பிடுங்கிவிடட்டுமா?

சின்னப் பிள்ளைகள் இருந்தால், கீரைப்பாத்தி பக்கத்தில் இருந்தால், பிடுங்குங்கள். காய் வெடிப்பதற்கு முன்பே, கையுறை போட்டு, வேரோடு. எரிக்காதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. குழி தோண்டிப் புதையுங்கள். விதை மண்ணில் வருடக்கணக்கில் கிடந்து முளைக்கும் என்பதால் அடுத்த மழைக்கும் ஒரு முறை பாருங்கள். இல்லையென்றால் அது பாட்டுக்கு நிற்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு அந்தச் செடியை வைத்துச் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா சார்?

இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு, இன்றைக்கு விரியப்போகிற முறுக்கு மொட்டு ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். முறுக்கு எந்தப் பக்கமாக அவிழ்கிறது, எத்தனை மணிக்கு வாசம் வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். இருட்டிய பிறகு சிட்டுக்குருவி அளவு பெரிய அந்துப்பூச்சி ஒன்று வந்து, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே, தன் உடம்பைவிட நீளமான உறிஞ்சுகுழலை நீட்டி உள்ளே விடும். போன மாதம் நாங்கள் உட்கார்ந்தபோது ஏழே காலுக்கு ஒன்று வந்தது, எட்டு மணி வரை நாலு தடவை. உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதி அனுப்புங்கள்.